சாதனம் யார் கையில்? டிரைவர், பூட்டு, உரிமை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரை, மேலூர், கப்பலூர் பக்கமிருந்து வந்த இந்தக் கேள்விகளை ஒன்றாகத் தொகுத்ததற்குக் காரணம் உண்டு. எல்லாமே ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: ஒரு சாதனத்தை, அல்லது அதன் நினைவகத்தை, ஒரே நேரத்தில் இரண்டு பேர் தொட்டால் என்ன ஆகும்? டிரைவர் என்பது சாதனத்தை இயக்கும் மென்பொருள், கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி, பூட்டு என்பது ஒருவர் முடிக்கும் வரை மற்றவரைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு. கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் உச்சரிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை நடத்துகிறோம். மின்னணுத் தராசை யுஎஸ்பி-சீரியல் கேபிளில் உபுண்டு கணினியோடு இணைத்து பில் போடுகிறோம். விடியற்காலை அவசரத்தில் சில நாள் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று நின்றுவிடுகிறது. சில நேரம் 12.450 கிலோ மல்லிகை 1.40 என்று விழுகிறது. தராசு கெட்டுவிட்டதா?
(கடை உரிமையாளர், மாட்டுத்தாவணி)

பதில்: தராசை மாற்றிவிடாதீர்கள். இரண்டு அறிகுறிகளும் ஒரே போர்ட்டை இரண்டு நிரல்கள் பிடித்துக்கொண்டிருப்பதைக் காட்டுகின்றன.

லினக்ஸில் ஒரு சீரியல் போர்ட்டை எத்தனை நிரல்கள் வேண்டுமானாலும் திறக்கலாம், தனக்கு மட்டும் என்று ஒரு நிரல் பிடிக்காதவரை யாரும் தடுப்பதில்லை. தராசு அனுப்பும் எழுத்துகள் ஒரே வரிசையில் வந்து நிற்கும். முதலில் படிப்பவர் கைக்கு அந்த எழுத்து போய்விடும், அடுத்தவருக்கு நகல் கிடைக்காது. 12.450-இல் 2-ஐயும் 5-ஐயும் இன்னொரு நிரல் எடுத்துக்கொண்டால் உங்கள் பில்லில் மிஞ்சுவது 1.40. எண் பார்க்கச் சரியாகவே இருப்பதால் இது பிஸி செய்தியைவிட ஆபத்தானது.

பில் மென்பொருள் ஓடும்போதே டெர்மினலைத் திறந்து 'சூடோ ஃப்யூசர் -வி' என்று அடித்து, பக்கத்தில் போர்ட்டின் பெயரைக் (பெரும்பாலும் டெவ் அடைவில் டிடிஒய்யுஎஸ்பி0) கொடுங்கள். பிடித்திருக்கும் நிரல்கள் எல்லாம் பெயரோடு வரும். ஐகானை அவசரத்தில் இரண்டு முறை தட்டியதால் பில் மென்பொருளே இரண்டு பிரதியாக ஓடுவது மிகச் சாதாரணம். அடுத்தது மோடம்மேனேஜர். கேபிளைச் செருகியதும் அது இணைய டாங்கிளா என்று பார்க்க, போர்ட்டைத் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொண்டு சில நொடி ஏடி கட்டளைகளை (மோடத்துக்கான கட்டளைகளை) அனுப்பும். பிஸி வருவது அந்த நேரத்தில்தான். டாங்கிள் பயன்படுத்தாத கடையானால் மோடம்மேனேஜரை நீக்கிவிடலாம். பயன்படுத்துகிறீர்கள் என்றால், உங்கள் கேபிளுக்கு மட்டும் ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர் மதிப்பை 1 ஆக்கும் யூடெவ் விதி (சாதனம் செருகப்படும்போது லினக்ஸ் பின்பற்றும் விதி) ஒன்றை எழுதச் சொல்லுங்கள்.

கேபிளில் சிஎச்340 சிப் (யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப்) இருந்து, உபுண்டு 22.04 ஓடி, செருகியவுடன் போர்ட்டே மறைந்துபோகிறது என்றால் காரணம் பிஆர்எல்டிடிஒய். அது பிரெயில் கருவிகளுக்கான நிரல். இந்தச் சிப்பைத் தன்னுடைய கருவி என்று எடுத்துக்கொள்கிறது. பார்வையற்ற ஊழியர் யாரும் அந்தக் கணினியில் அதைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே நீக்குங்கள்.

மென்பொருள் செய்து கொடுத்தவரிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. போர்ட்டைத் திறந்த அடுத்த வரியிலேயே டிஐஓசிஇஎக்ஸ்சிஎல் என்ற ஐஆக்டிலை (சாதனத்துக்கான சிறப்பு அழைப்பை) அழைக்கட்டும். அதன் பிறகு திறக்க வருபவருக்கு, அவர் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இல்லாதவரை, பிஸி என்று பதில் போகும். ஃப்ளாக் (ஃபைல் பூட்டு) மட்டும் போதாது, அதை மதிக்கும் நிரல்தான் மதிக்கும். இரண்டாவது, போர்ட்டின் எண்ணை நம்பக்கூடாது. கேபிள் ஆடிக் கழன்று திரும்பச் சேரும்போது பழைய நிரல் இன்னும் போர்ட்டை மூடாமல் இருந்தால் 0 என்ற எண் விடுபடாது, தராசு டிடிஒய்யுஎஸ்பி1 என்று வந்து நிற்கும். டெவ் அடைவில் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் கேபிளின் நிலையான பெயர் இருக்கும். அதைத் திறக்க வேண்டும். சிஎச்340 கேபிள்களில் பொதுவாக வரிசை எண் இருக்காது. ஒரே மாதிரி இரண்டு தராசு இருந்தால் பை-பாத் பெயரைப் பயன்படுத்தி, எந்தத் தராசு எந்த யுஎஸ்பி துளையில் என்பதை மாற்றாமல் வைத்திருங்கள்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கேரக்டர் டிரைவர் எழுதுகிறேன். இண்டரப்ட் ஹேண்ட்லர் (சாதனம் அழைக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) சென்சார் மதிப்புகளை ரிங் பஃபரில் (வட்டமாகச் சுற்றி நிரம்பும் அணியில்) போடும், ரீட் ஃபங்ஷன் எடுத்துக் கொடுக்கும். ரீடில் ஸ்பின்_லாக் போட்டு அதற்குள்ளேயே, தரவைப் பயனர் நிரலுக்கு நகலெடுக்கும் காபி_டு_யூசர் அழைக்கிறேன். என் லேப்டாப்பில் ஓடுகிறது. லேப் கணினியில் 'ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்ட் ஃப்ரம் இன்வேலிட் காண்டெக்ஸ்ட்' என்று வருகிறது. சில சமயம் அப்படியே உறைந்துவிடுகிறது. மியூடெக்ஸ் ஆக்கினால் சரியாகுமா சார்?
(மாணவி, திருப்பரங்குன்றம்)

பதில்: ஆகாது. ஸ்பின்லாக் கிடைக்காதவர் சுழன்றுகொண்டே காத்திருப்பார், மியூடெக்ஸ் கிடைக்காதவர் உறங்கிக் காத்திருப்பார். உங்கள் கோடில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. ஒன்றைத் திருத்தினால் மற்றது அப்படியே இருக்கும்.

முதல் பிழை, ஸ்பின்லாக்கைப் பிடித்தபடி உறங்கக்கூடிய ஃபங்ஷனை அழைப்பது. பயனர் நிரலின் நினைவகப் பக்கம் (பேஜ்) அந்த நொடியில் நினைவகத்தில் இல்லாமல் போனால், டிஸ்க்கிலிருந்து அதைக் கொண்டுவரும் வரை காபி_டு_யூசர் காத்திருக்க வேண்டும். ஸ்பின்லாக் வைத்திருப்பவர் காத்திருக்கக்கூடாது. பூட்டுக்காக வெளியே நிற்கும் ஒவ்வொரு கோரும் (பிராசசரின் தனித்தனி இயங்கு பகுதி) சுற்றிச் சுற்றி மின்சாரத்தை எரித்துக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் பக்கம் எப்போதும் தயாராக இருந்ததால் பிழை வெளியே தெரியவில்லை. லேப் கணினியின் கெர்னலில் கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் போட்டிருக்கிறார்கள். அது பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உறங்க வாய்ப்புள்ள அழைப்பு என்றாலே எச்சரிக்கும். லேப்டாப்பிலும் அதைப் போட்டு, கெர்னலைத் திரும்பக் கம்பைல் செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு தேர்வு இல்லாமல் டிரைவர் எழுதவே உட்காரக்கூடாது என்பது எங்கள் திடமான கருத்து. ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்து, நினைவகம் கேட்கும் கேமல்லாக்கை அழைப்பது, எம்ஸ்லீப், மியூடெக்ஸ்_லாக் எல்லாமே இதே வகைதான். பூட்டுக்குள் நினைவகம் கேட்டே ஆகவேண்டும் என்றால் ஜிஎஃப்பி_அட்டாமிக் கொடுக்க வேண்டும், அது தோற்கவும் தயாராக இருக்க வேண்டும். பூட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வது இதைவிட நல்லது.

இரண்டாவது பிழைதான் கணினியை உறைய வைக்கிறது. ரீட் ஃபங்ஷன் வெறும் ஸ்பின்_லாக் போட்டிருக்கிறது. பூட்டு கையில் இருக்கும்போது அதே கோரில் இண்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அதே பூட்டைக் கேட்டுச் சுழலும். பூட்டை விடவேண்டிய ரீட், ஹேண்ட்லர் முடிந்தால்தான் தொடரும். ஹேண்ட்லரோ பூட்டு கிடைத்தால்தான் முடியும். ஆகவே ரீடில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் போடவேண்டும். அது பூட்டுவதோடு அந்தக் கோரின் இண்டரப்டுகளையும் நிறுத்தி வைக்கும். ஹேண்ட்லருக்குள் வெறும் ஸ்பின்_லாக் போதும். மியூடெக்ஸ் இங்கே உதவாததற்குக் காரணமும் இதுவே: இண்டரப்ட் ஹேண்ட்லர் உறங்க முடியாது, அதனால் மியூடெக்ஸை எடுக்கவே முடியாது.

திருத்தம் இப்படி இருக்கட்டும். ரீடில் 64 பைட் அளவுக்கு ஒரு சிறு தற்காலிக அணி வையுங்கள். ஐஆர்க்யூசேவ் பூட்டுக்குள் ரிங் பஃபரிலிருந்து அதற்கு நகலெடுங்கள், வால் குறியை (அடுத்துப் படிக்கவேண்டிய இடத்தை) நகர்த்துங்கள், பூட்டை விடுங்கள். அதற்கப்புறம் காபி_டு_யூசர். இரண்டு நிரல்கள் ஒரே சமயம் ரீட் செய்ய வாய்ப்பிருந்தால் வெளியே ஒரு மியூடெக்ஸ், உள்ளே இந்த ஸ்பின்லாக். எடுக்கும் வரிசை எப்போதும் அதுதான். ஸ்பின்லாக்குக்குள் மியூடெக்ஸ் எடுத்தால் முதல் பிழைக்கே திரும்பிவிடுவீர்கள். கெர்னலிலேயே இருக்கும் கேஃபிஃபோ என்ற வரிசை அமைப்பைப் பயன்படுத்தினால் வேலை இன்னும் எளிது. எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்றால் அதற்குப் பூட்டே தேவையில்லை. தலைக்குறி எழுதுபவருக்கு மட்டும் சொந்தம், வால்குறி படிப்பவருக்கு மட்டும் சொந்தம். எது யாருக்குச் சொந்தம் என்பதைப் பிரித்துவிட்டால் பூட்டு தானாகக் குறையும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'ரீடைப் பாதுகாக்கும் பூட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டு ஃபங்ஷனைக் காப்பதில்லை, தரவைக் காக்கிறது. ஸ்ட்ரக்டில் பூட்டு அறிவிக்கும் வரிக்கு மேலேயே 'தலை, வால், அணி ஆகிய மூன்றையும் இது காக்கிறது' என்று கமெண்ட் எழுதுங்கள். அப்படி எழுத முடியவில்லை என்றால் அந்தப் பூட்டின் வேலை இன்னும் முடிவாகவில்லை.

கேள்வி: பூட்டே போடாத என் டிரைவர் ராஸ்பெர்ரி பை ஜீரோவில் பிரச்சினையில்லாமல் ஓடியது. ஜீரோ 2-க்கு மாற்றியதும் மதிப்புகள் தாறுமாறாக வருகின்றன.
(பழுது நீக்குநர், சிம்மக்கல்)

பதில்: பழைய ஜீரோவில் ஒரு கோர், ஜீரோ 2-இல் நான்கு. முன்பு ஹேண்ட்லர் ஓடும்போது மற்ற கோடு நின்றிருந்தது. இப்போது இரண்டும் உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பழைய பலகையிலும் பிழை இருந்தது, அரிதாகத்தான் வெளிப்பட்டிருக்கும். மேலே மாணவிக்குச் சொன்ன திருத்தத்தைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆலையில் துணியின் தரம் பார்க்கும் யுஎஸ்பி கருவிக்கு நாங்களே டிரைவர் எழுதினோம். நிரல் ஓடும்போது யாராவது கேபிளைப் பிடுங்கினால் கெர்னல் விழுகிறது. எல்லா இடத்திலும் மியூடெக்ஸ் போட்டாயிற்று. கேஏசான் (கெர்னலின் நினைவகப் பிழை கண்டறியும் கருவி) 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' (விடுவித்த நினைவகத்தைத் தொட்டது) என்கிறது. நினைவகத்தை டெவ்எம்_கேஇசட்அல்லாக் மூலம்தான் எடுத்திருக்கிறோம், அது தானே விடுவித்துக்கொள்ளும் என்று படித்தோம்.
(பராமரிப்புப் பொறியாளர், கப்பலூர்)

பதில்: தானே விடுவித்துக்கொள்கிறது என்பதுதான் சிக்கல். டெவ்எம் வகை நினைவகத்தின் ஆயுள், டிரைவருக்கும் சாதனத்துக்கும் உள்ள பிணைப்போடு முடிகிறது. கேபிளைப் பிடுங்கியதும் டிஸ்கனெக்ட் ஓடும். அது முடிந்த கையோடு நினைவகம் போய்விடும். உங்கள் நிரலோ ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த ரீட், ஃபைலின் பிரைவேட்_டேட்டாவில் இருக்கும் பழைய முகவரிக்குப் போய் மியூடெக்ஸைத் தேடுகிறது. மியூடெக்ஸும் அந்த விடுவிக்கப்பட்ட நினைவகத்துக்குள்தான் இருந்தது. எத்தனை பூட்டு சேர்த்தாலும் இது தீராது. பூட்டு 'இப்போது யார் தொடலாம்' என்பதற்குப் பதில் சொல்லும். 'இது எதுவரை உயிரோடு இருக்கும்' என்பதற்குக் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்குதான் கேரெஃப். ஸ்ட்ரக்டை சாதாரண கேஇசட்அல்லாக்கில் எடுங்கள், அதற்குள் ஒரு கேரெஃப் வையுங்கள். புரோப் (சாதனம் சேர்ந்ததும் ஓடும் ஃபங்ஷன்) முடியும்போது எண்ணிக்கை 1. ஒவ்வொரு ஓபனும் கேரெஃப்_கெட் செய்து ஒன்றைக் கூட்டும். ரிலீஸ் கேரெஃப்_புட் செய்து குறைக்கும். டிஸ்கனெக்ட் தன்னுடைய ஒன்றைத் திருப்பித் தரும். கடைசி ஆள் கைவிட்டு எண்ணிக்கை 0 ஆகும்போது மட்டும் நினைவகம் போகும். அந்தக் கடைசி ஆள் டிஸ்கனெக்டாகவும் இருக்கலாம், அரை மணி நேரம் கழித்து நிரலை மூடுபவராகவும் இருக்கலாம்.

டிஸ்கனெக்டுக்குள் வரிசை முக்கியம். முதலில் யுஎஸ்பி_டிரெஜிஸ்டர்_டெவ், இதற்குப் பிறகு புதிதாக யாரும் ஓபன் செய்ய முடியாது. அடுத்து மியூடெக்ஸை எடுத்து 'டிஸ்கனெக்டட்' கொடியை உயர்த்தி, மியூடெக்ஸை விடுங்கள். பிறகு பாதியில் இருக்கும் யுஆர்பிகளை (யுஎஸ்பி தரவுக் கோரிக்கைகளை) யுஎஸ்பி_கில்_ஆங்கர்ட்_யுஆர்பிஸ் மூலம் நிறுத்துங்கள், காத்திருக்கும் ரீடுகளை வேக்_அப் செய்து எழுப்புங்கள், ஒர்க் (பின்னர் செய்யத் தள்ளிவைத்த வேலை) இருந்தால் கேன்சல்_ஒர்க்_சிங்க். கடைசியில்தான் கேரெஃப்_புட். ரீட், ரைட், ஐஆக்டில் மூன்றும் மியூடெக்ஸ் எடுத்ததும் முதல் வேலையாகக் கொடியைப் பார்த்து, உயர்ந்திருந்தால் -இஎன்ஓடெவ் ('சாதனம் இல்லை') திருப்ப வேண்டும். தூக்கத்திலிருந்து எழுந்த ரீடும் கொடியைத் திரும்பப் பார்க்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது.

கொடிக்காக எடுத்த மியூடெக்ஸை விடாமல் கேன்சல்_ஒர்க்_சிங்க் அழைத்துவிடாதீர்கள். அந்த ஒர்க்கும் அதே மியூடெக்ஸைக் கேட்டால், அது முடியும் வரை நீங்களும் நீங்கள் விடும் வரை அதுவும் என்று இரண்டும் நின்றுபோகும். வழக்கமான அமைப்பில் 120 நொடி கழித்து 'ஹங் டாஸ்க்' செய்தி வரும். ஃப்ரீ_ஐஆர்க்யூ, டிசேபிள்_ஐஆர்க்யூ இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும் வரை காத்திருப்பவை. அதனால் ஹேண்ட்லருக்குத் தேவைப்படும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றையும் அழைக்கக்கூடாது. டைமர் ஒர்க்கை எழுப்பி, ஒர்க் டைமரைத் திரும்ப முடுக்கும் அமைப்பில் ஒன்றை நிறுத்தினால் மற்றது உயிர் கொடுத்துவிடும். கெர்னல் 6.2 முதல் இதற்கென்றே டைமர்_ஷட்டவுன்_சிங்க் இருக்கிறது. அதன் பிறகு யாராலும் அந்த டைமரை முடுக்க முடியாது.

டெவ்எம்மை முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை. கெர்னல் 2.6.21 முதல், 2007-லிருந்து, அது எத்தனையோ டிரைவர்களின் பிழைப்பாதைகளைச் சுத்தமாக்கியிருக்கிறது. பதிவு செய்த வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொன்றையும் அது விடுவிக்கும். பாதியை டெவ்எம்மிலும் பாதியைக் கையாலும் செய்தால்தான் வம்பு. டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ போட்டுவிட்டு, ரிமூவில் (டிஸ்கனெக்டுக்கு இணையான ஃபங்ஷனில்) கையால் பஃபரை கேஃப்ரீ செய்தால், ரிமூவ் முடிந்து டெவ்எம் தன் வேலையைத் தொடங்கும் வரை இண்டரப்ட் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளியில் வரும் ஒரு இண்டரப்ட் போதும்.

கேள்வி: மியூடெக்ஸை ரைட் ஃபங்ஷனில் பூட்டி, வேலை முடிந்ததென்று சாதனம் சொல்லும் இண்டரப்டில் திறக்கலாமா?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: கூடாது. பூட்டிய த்ரெட்தான் (நிரலின் இயங்கும் இழைதான்) மியூடெக்ஸைத் திறக்க வேண்டும். நீங்கள் தேடுவது கம்ப்ளீஷன், அதாவது 'வேலை முடிந்தது' என்று காத்திருப்பவருக்குச் சொல்லும் ஏற்பாடு. சாதனத்தை முடுக்குவதற்கு முன்னால் ரீஇனிட்_கம்ப்ளீஷன், முடுக்கிய பின் வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட், ஹேண்ட்லரில் கம்ப்ளீட். ரீஇனிட்டை முடுக்கிய பிறகு செய்தால், வேகமான சாதனம் அதற்குள் முடித்துவிட்டிருக்கும்; அந்தச் செய்தி அழிந்துபோகும். டைம்அவுட் ஆனால் 0 திரும்பும். அப்போது உடனே பஃபரை விடுவித்துவிடாதீர்கள். உங்கள் பொறுமைதான் முடிந்திருக்கிறது, பஃபர் இன்னும் சாதனத்தின் கையில்தான். முதலில் சாதனத்தை நிறுத்துங்கள், பிறகு சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ, அதற்குப் பிறகு விடுவியுங்கள்.

கேள்வி: ஒரே டிரைவர், ஒரே கோடு. இன்டெல் பலகையில் சரியான தரவு வருகிறது, ஏஆர்எம் பலகையில் டிஎம்ஏ பஃபரில் (சாதனம் பிராசசரின் வழியாக இல்லாமல் நேரே எழுதும் நினைவகத்தில்) பழைய தரவு. சில சமயம் முதல் சில பைட் மட்டும் கெட்டிருக்கிறது. ஸ்பின்லாக் போட்டும் பயனில்லை.
(மென்பொருள் பொறியாளர், இலந்தைகுளம்)

பதில்: ஸ்பின்லாக் கோர்களுக்கிடையே மட்டும் பேசும். சாதனம் அதைப் பார்ப்பதே இல்லை. இங்கே சாதனத்துக்கும் உங்களுக்கும் இடையே உரிமை கைமாறுகிறது, அதற்கான சடங்கை நீங்கள் செய்யவில்லை.

மேலூர்ப் பக்கம் முறைப்பாசனம் பார்த்தவர்களுக்கு இது புரியும். முறை அடுத்தவருக்கு மாறிவிட்டால் மடையில் கை வைக்கக்கூடாது. டிஎம்ஏ_மேப்_சிங்கிள் அழைத்த நொடியில் பஃபர் சாதனத்தின் முறைக்குப் போய்விடுகிறது. டிஎம்ஏ_அன்மேப்_சிங்கிள் அல்லது டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_சிபியூ அழைக்கும் வரை நீங்கள் அதைப் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. ஃபார்_சிபியூ செய்து பார்த்துவிட்டு அதே பஃபரைத் திரும்பச் சாதனத்துக்குத் தருவதானால் ஃபார்_டிவைஸ் அழைக்க வேண்டும். இன்டெல் கணினிகளில் வன்பொருளே கேஷை (பிராசசர் தன்னிடம் வைத்திருக்கும் நகல் நினைவகத்தை) சமன்செய்துவிடுவதால், சடங்கைத் தவறவிட்டாலும் தெரியாது. பல ஏஆர்எம் பலகைகளில் அப்படி இல்லை, கேஷில் இருக்கும் பழைய நகலைத்தான் படிப்பீர்கள். மேப் செய்ததும் டிஎம்ஏ_மேப்பிங்_எரர் பார்ப்பதையும் விடாதீர்கள்.

முதல் சில பைட் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கேஷ் வரி, அதாவது கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு. பஃபரை ஸ்ட்ரக்டுக்குள்ளேயே, ஒரு கொடிக்கோ எண்ணிக்கைக்கோ பக்கத்தில் வைத்திருப்பீர்கள். பல ஏஆர்எம் கோர்களில் கேஷ் வரி 64 பைட். சாதனம் பஃபரில் எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்துக் கொடியை மாற்றினால், அந்த வரி முழுவதும் கேஷிலிருந்து திரும்ப எழுதப்பட்டு, சாதனம் எழுதியதன் தொடக்கத்தை அழித்துவிடும். பஃபரைத் தனி கேமல்லாக்கில் எடுங்கள். ஸ்டேக்கில் இருக்கும் அணியை டிஎம்ஏவுக்குத் தரவே கூடாது. கான்ஃபிக்_டிஎம்ஏ_ஏபிஐ_டீபக் போட்டால் இத்தகைய மீறல்கள் பலவற்றை டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) பெயரோடு காட்டும்.

டிஸ்கிரிப்டர் (பஃபரின் முகவரியும் நீளமும் எழுதிய குறிப்பு) வளையம் வைத்திருக்கும் நெட்வொர்க் சிப்களில் உரிமை ஒரு பிட்டாகவே இருக்கும். 'ஓன்' பிட் 1 என்றால் சாதனத்துடையது. வளையத்துக்கு டிஎம்ஏ_அல்லாக்_கோஹெரண்ட் பொருத்தம். அங்கேயும் வரிசை உண்டு. முகவரியையும் நீளத்தையும் எழுதி, டிஎம்ஏ_டபிள்யூஎம்பி என்ற வரிசைத் தடையைப் போட்டு, அதற்குப் பிறகே ஓன் பிட்டை எழுதுங்கள். அந்தத் தடை இல்லாவிட்டால் ஏஆர்எம் ஓன் பிட்டை முன்னதாகவே வெளியே தள்ளிவிடலாம். சாதனம் பாதி எழுதிய டிஸ்கிரிப்டரை எடுத்துக்கொண்டு தவறான முகவரியில் எழுதும்.

கேள்வி: லாக்டெப் (கெர்னலின் பூட்டு வரிசையைச் சோதிக்கும் கருவி) 'பாசிபிள் சர்குலர் லாக்கிங் டிபெண்டன்சி' என்கிறது. ஆனால் கணினி ஒரு முறையும் நின்றதில்லை. பொருட்படுத்தாமல் விடலாமா?
(ஆய்வு மாணவர், மதுரை)

பதில்: விடாதீர்கள். லாக்டெப் உறைந்ததைச் சொல்வதில்லை, உறையக்கூடிய வழி இருப்பதைச் சொல்கிறது. ஒரு பாதையில் ஏ-வைப் பிடித்துப் பிறகு பி-யையும், இன்னொரு பாதையில் பி-யைப் பிடித்துப் பிறகு ஏ-வையும் எடுத்ததை அது தனித்தனி நேரத்தில் பார்த்தாலே போதும். இரண்டும் ஒரே கணத்தில் நேர்ந்தால் உறைவு நிச்சயம். அந்தக் கணம் வாடிக்கையாளரின் கணினியில் வரும். எந்தப் பூட்டு முதலில் என்று ஒரு வரிசையை முடிவு செய்து, எல்லாப் பாதைகளையும் அதற்கு மாற்றுங்கள். ஒரே வகைப் பூட்டுள்ள இரண்டு சாதனங்களை ஒன்றாகப் பிடிக்க வேண்டியிருந்தால், முகவரி சிறியதை முதலில் எடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வரிசை உண்மையிலேயே உறுதியான பிறகுதான் மியூடெக்ஸ்_லாக்_நெஸ்டட் போடவேண்டும். எச்சரிக்கையை அடக்குவதற்காகப் போடக்கூடாது.

முதல் அறிக்கையோடு லாக்டெப் தன்னை அணைத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றைத் திருத்தினால் ரீபூட் செய்து திரும்ப ஓட்டுங்கள், அடுத்தது அப்போதுதான் தெரியும்.

'இத்தனை பூட்டு எதற்கு, ஒன்றே பெரிதாக வைத்தால் வரிசைப் பிரச்சினையே இல்லையே' என்றும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸ் அப்படித்தான் தொடங்கியது. 1996-இல் 2.0 பதிப்பில் பல பிராசசர் ஆதரவு வந்தபோது கெர்னல் முழுவதற்கும் ஒரே பிக் கெர்னல் லாக் இருந்தது. அதை முழுவதும் அகற்றி முடித்தது 2011-இல், 2.6.39-இல். இத்தனை ஆண்டுகள் பிடித்ததற்கு ஒரு காரணம், அந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது என்று எங்கும் எழுதி வைக்கப்படாததுதான். ஒவ்வொரு டிரைவரையும் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிறிய டிரைவருக்கு ஒரே மியூடெக்ஸ் போதும் என்றால் தாராளமாக ஒன்றே வையுங்கள், அது காப்பது எதை என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: விண்டோஸ் கணினியில் லேபிள் அச்சடிக்கும்போது நீலத்திரை: 'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. பிரிண்டர் டிரைவரை இரண்டு முறை மாற்றியும் போகவில்லை.
(அச்சகம், மேலமாசி வீதி)

பதில்: பிரிண்டர் டிரைவராக இருக்க வாய்ப்பு குறைவு, இப்போதைய விண்டோஸில் அவை பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியே ஓடுகின்றன. நீலத்திரையில் எஸ்ஒய்எஸ் என்று முடியும் ஃபைல் பெயர் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் விண்டோஸ் அடைவுக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் இருக்கும் ஃபைலை விண்டிபிஜி என்ற ஆய்வுக் கருவியில் திறந்து '!அனலைஸ் -வி' கொடுக்கச் சொல்லுங்கள். யுஎஸ்பி, வைஃபை அல்லது ஆன்டிவைரஸ் டிரைவர் ஒன்றின் பெயர் வரலாம்.

இந்தப் பிழையின் எண் டி1. விண்டோஸில் ஸ்பின்லாக் எடுத்தால் அந்தக் கோரின் நிலை 2-க்கு, அதாவது டிஸ்பாட்ச் நிலைக்கு உயரும். அந்த நிலையில் டிஸ்க்கிலிருந்து பக்கத்தைக் கொண்டுவர முடியாது. டிரைவர் அப்போது நினைவகத்தில் இல்லாத முகவரியைத் தொட்டால் நீலத்திரைதான். லேபிள் வேலை கணினியின் நினைவகத்தை நிரப்புவதால் பக்கங்கள் வெளியேறி, எங்கோ இருக்கும் டிரைவரின் பிழை அச்சடிக்கும்போது வெளிப்படலாம். ஸ்பின்லாக்கை 25 மைக்ரோ நொடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது மைக்ரோசாஃப்ட் டிரைவர் எழுதுவோருக்குச் சொல்லும் வரம்பு.

சந்தேகப்படும் டிரைவர் தெரிந்தால் அதன் புதிய பதிப்பைப் போடுங்கள். தெரியாவிட்டால் டிரைவர் வெரிஃபையரை, மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களுக்கு மட்டும், கடை மூடிய பிறகு ஓட்டலாம். முதலில் ரீஸ்டோர் பாயிண்ட் வைத்துக்கொள்ளுங்கள். பிழையுள்ள டிரைவரை அது வேண்டுமென்றே விழவைக்கும், கணினி பூட் ஆகாமலே போகலாம். அப்போது சேஃப் மோடில் நுழைந்து 'வெரிஃபையர் /ரீசெட்' கொடுக்க வேண்டும்.

கேள்வி: தோட்டத்து மோட்டாருக்கு ராஸ்பெர்ரி பை வைத்து, மண் ஈரம் பார்த்து ரிலே போடும்படி செய்தோம். ஜிபிஐஓ 4 (பலகையின் ஓர் இணைப்புப் பின்) 'பிஸி' என்கிறது. ஐ2சி கம்பிகளில் உள்ள சிப்களின் முகவரியைக் காட்டும் ஐ2சி-டிடெக்டில் 68 இருக்க வேண்டிய இடத்தில் 'யுயு' வருகிறது. கடிகாரமும் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும்) பலகையும் அதில்தான்.
(விவசாயி, கொட்டாம்பட்டி)

பதில்: பிஸி என்பது உண்மை. ஒற்றைக்கம்பி வெப்ப சென்சாருக்காக டிடிஓவர்லே=டபிள்யூ1-ஜிபிஐஓ என்ற வரியை கான்ஃபிக் ஃபைலில் சேர்த்திருப்பீர்கள்; பின் எண் தராவிட்டால் அது 4-ஐ எடுத்துக்கொள்ளும். ரிலேயை வேறு பின்னுக்கு மாற்றுங்கள், அல்லது அந்த வரியில் ஜிபிஐஓபின்=17 என்று சேருங்கள். 'ஜிபிஐஓஇன்ஃபோ' கட்டளை எந்தப் பின் யார் கையில் என்று காட்டும். பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகத்தில் இந்த பிஸி வராது. அது கெர்னலைக் கேட்காமல் ரெஜிஸ்டர்களை நேரே தொடுகிறது. ரிலேயும் சென்சாரும் ஒரே பின்னில் சண்டையிடும். பிஸி என்று மறுக்கும் நூலகத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

'யுயு' என்றால் அந்த முகவரியைக் கெர்னல் டிரைவர் ஒன்று பிடித்திருக்கிறது. இங்கே அது டிஎஸ்3231 கடிகாரத்தின் டிரைவர். அந்தச் சிப்பின் முகவரியை மாற்ற முடியாது. உங்கள் ஏடிசி எம்சிபி3424 ஆக இருந்தால் அதுவும் ஹெக்ஸ் 68-இல்தான் தொடங்கும், ஆனால் அதன் இரண்டு முகவரிக் கால்களை மாற்றி 6எஃப் வரை நகர்த்தலாம். 69-க்கோ அதற்கு மேலோ மாற்றிவிடுங்கள். ஐ2சி-கெட்டில் '-எஃப்' போட்டு வலுக்கட்டாயமாகப் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே முகவரியில் இரண்டு சிப்பும் சேர்ந்து பதில் சொல்லும், கடிகார டிரைவரின் காலடியிலிருந்து ரெஜிஸ்டரும் மாறிவிடும்.

மோட்டார் சம்பந்தப்பட்டது என்பதால் ஒன்று கூடுதலாக. உங்கள் நிரல் நின்றுபோனால் பின்னின் உரிமை கெர்னலுக்குத் திரும்பும். அதற்குப் பிறகு அந்தப் பின் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரிலே போர்டு ஹையில் இயங்கும் வகையானால் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். லோவில் இயங்கும் வகையானால் 3.3 வோல்ட்டுக்குப் போடுங்கள். நிரல் இறந்தாலும் மோட்டார் நின்றே இருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் ஓடாமலிருக்க ஸ்டார்ட்டரில் தனி ட்ரை ரன் பாதுகாப்பும் வையுங்கள். அதை மென்பொருளிடம் விடக்கூடாது.